மூன்றாவது வரியில் ஒரு பிழை

உட்காருங்கள். மாடியைப் பிறகு பார்க்கலாம், அது எங்கேயும் ஓடிப் போகாது. பிள்ளை சிணுங்குகிறது பாருங்கள், காபியோடு வைத்த அந்த ஸ்பூனை எடுத்துக் கையில் கொடுங்கள். பளபளவென்று இருப்பதைக் கண்டால் பிள்ளைகள் அழுகையை மறந்துவிடும். பார்த்தீர்களா, மறந்துவிட்டது. ஒன்றரை வயது இருக்குமா? இரண்டா? இரண்டுக்கு வளர்த்தி போதாதே. சரி, அது உங்கள் வீட்டு வாகாக இருக்கும்.

நீங்கள் கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தெருமுனைக் கடைக்காரன் உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பான். அந்த வீட்டு மாடியா, கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றிருப்பான். சொல்லவில்லையா? இன்று சொல்லாவிட்டால் நாளைக்குச் சொல்வான். இந்தப் பாளையங்கோட்டையில் ஒருத்தி ஓடிப்போய் உதவி செய்தால் அதைத் திரித்துப் பேசத்தான் ஆள் இருக்கிறது. நான் மறைத்துப் பேசுகிற ரகம் இல்லை. பன்னிரண்டு வருஷம் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். எங்களுக்கு அங்கே முதலில் உண்மை, பிறகு ஆங்கில இலக்கணம், அதற்குப் பிறகுதான் ஜெபமே.

மாடியில் இருந்தவள் பெயர் பிரம்மசக்தி. போஸ்ட் ஆபீசில் கவுண்டரில் உட்காருகிறவள். புருஷன் மஸ்கட்டில். கூட ஒரே ஒரு பெண் பிள்ளை, நாலரை வயது. அதற்கு வைத்திருக்கிற பெயரைக் கேளுங்கள், இளவெயினி. வாயில் நுழைகிற பெயரா அது? ஏதோ பழைய காலத்துப் புலவர் பெயராம். நான் வின்னி என்று கூப்பிட்டேன். கூப்பிடச் சுருக்கமாக இருக்கிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. அது திரும்பியே பார்க்காது. ஒருநாள் படியில் நிறுத்திக் கேட்டேன், கூப்பிட்டால் காது கேட்காதா என்று. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்கிறது, "ஆன்ட்டி, என் பேரு அது இல்ல. இ, ள, வெ, யி, னி." எழுத்துக் கூட்டிச் சொல்லித் தருகிறது எனக்கு. நாலரை வயதில் அத்தனை வாய். இப்போது அந்த வாய் இல்லை என்கிறார்கள். அதை அப்புறம் சொல்கிறேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வெள்ளத்தாய் என்று ஒருத்தி வருவாள். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில். கைநாட்டு. கடிகாரத்தில் மணி பார்க்கவும் தெரியாது. காலையில் எட்டரைக்கு வந்தால் சாயங்காலம் பிரம்மசக்தி வரும்வரை பிள்ளையோடுதான் இருப்பாள். அது தரையில் உருண்டால் இவளும் உருளுவாள். என் வீட்டு வேலையையும் கொஞ்சம் பார்த்துக் கொடு என்று கேட்டதற்கு, பிள்ளையை விட்டுட்டு வரக் கூடாதும்மா என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னவள். நினைவு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் கிடையாது. நான் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்வதே இல்லை.

குடிவந்து ஒரு மாதம் கழித்துத்தான் விஷயத்தைச் சொன்னாள் பிரம்மசக்தி. பிள்ளைக்கு வலிப்பு வருமாம். காய்ச்சலில் வரும், சில சமயம் காய்ச்சல் இல்லாமலும் வரும். டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், மூக்கில் விடுகிற மருந்து, அவசரத்துக்கு. வெள்ளத்தாய்க்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் அக்கா, ஆனாலும் கீழே இருக்கிற நீங்களும் தெரிந்து வைத்துக்கொண்டால் எனக்குத் தைரியமாக இருக்கும் என்றாள். சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினாள். தமிழில் எழுதியிருந்தது.

நான் வாங்கவில்லை. எனக்குத் தமிழ்க் கையெழுத்து சட்டென்று ஓடாது. அச்சில் இருந்தால் படிப்பேன். தாள் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தால் யார் படிப்பது? இங்கிலீஷில் எழுதிக் கொண்டு வா என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நான் கவர்மென்ட் ஸ்கூல்க்கா, இங்கிலீஷ் அவ்வளவா வராது என்றாள். போஸ்ட் ஆபீசில் உட்காருகிறாயே, எழுதிப் பழகினால்தானே வரும் என்று அனுப்பினேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள். நாலு வரிக்கு. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். நான் அவளை எதிரே உட்கார வைத்தே சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

முதல் வரி, ஸீ த டைம். எந்தக் காட்சியைப் பார்ப்பது? நோட் த டைம் என்று திருத்தினேன். இரண்டாவது வரி, பேபி லை டவுன் லெஃப்ட் ஸைட். குழந்தை தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளுமா என்று கேட்டேன், சிரித்தாள். மூன்றாவது வரிதான் உச்சம். டோன்ட் புட் நத்திங் இன் மவுத்.

உங்களுக்குப் புரிகிறதா? நீங்கள் எந்தப் பள்ளி? பரவாயில்லை, நானே சொல்கிறேன். டோன்ட் என்பதும் இல்லை, நத்திங் என்பதும் இல்லை. இரண்டு இல்லை சேர்ந்தால் அது உண்டு ஆகிவிடும். ஒன்றும் வைக்காமல் இருக்காதே, ஏதாவது வை என்று அர்த்தம் வரும். தமிழில் யோசித்து அப்படியே இங்கிலீஷில் எழுதினால் இந்தக் கதிதான். வாயில் ஒன்றும் வைக்காதே என்று நம் ஆட்கள் சொல்வதை வரிக்கு வரி மாற்றியிருக்கிறாள். நத்திங்குக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். ஓரத்தில் எழுதினேன், இதன்படி ஏதாவது வைக்கத்தான் வேண்டும் என்று. அது இங்கிலீஷில். நாலாவது வரி, ஐந்து நிமிஷம் தாண்டினால் ஸ்ப்ரே நோஸ், கால் 108. அதிலும் இரண்டு பிழை. கீழே பத்துக்கு மூன்று போட்டேன்.

அழவில்லை. சிரித்தாள். எழுந்து போகும்போது மட்டும் கேட்டாள், "அர்த்தம் புரிஞ்சுடுச்சுல்லக்கா? அது போதும்." புரியாமல் என்ன, நான் என்ன வெள்ளத்தாயா என்றேன். தாளை நானே வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா சபைக் கூட்டத்துக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில இலக்கணத்துக்கு முதல் பரிசு எனக்குத்தான், அவர்களுக்குத் தெரியும். ஆறு ஸ்பூன், வெள்ளி முலாம், கைப்பிடியில் பள்ளி முத்திரை. இத்தனை வருஷத்தில் கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே வராதவை.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை. காலை பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். மேலே தட்டு விழுகிற சத்தம். பிறகு ஒரே நிசப்தம். அந்தப் பிள்ளை இருக்கிற வீட்டில் நிசப்தம் என்றால் ஏதோ சரியில்லை என்றுதானே அர்த்தம். நான் அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஓடினேன். மூட்டு வலியோடு பதினாறு படி. யாரும் இதைச் சொல்வதில்லை. ஓடிப் போனது யார்? நான்.

போய்ப் பார்த்தால், பிள்ளை பாயில் ஒருக்களித்துக் கிடக்கிறது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. கண் மேலே போய்விட்டது. வாயோரம் நுரை. இந்த வெள்ளத்தாய் என்ன செய்கிறாள் தெரியுமா? பிள்ளை முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை இழுத்துக் கிடக்கிறது, இவள் மணி பார்க்கிறாள். மணி பார்க்கத் தெரியாதவள்.

என்னடி செய்கிறாய் என்றேன். அவள் கண்ணை எடுக்காமல் சொல்கிறாள், "பெரிய முள்ளு ரெண்டுல நிக்கையில வந்துச்சும்மா. மூணுக்கு வந்துட்டா மூக்குல அடிக்கணும்."

மூக்கில் அடிப்பாளாம். நினைத்துப் பாருங்கள். இழுத்துக் கிடக்கிற பச்சைப் பிள்ளையை மூக்கில் அடிப்பாளாம். கையில் ஏதோ வெள்ளையாகச் சின்னக் குப்பி வைத்திருந்தாள். நான் வெடுக்கென்று பிடுங்கி நைட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். அடிக்கிறது என்றால் மருந்து அடிக்கிறதாம், அதைப் பிறகு சொல்கிறார்கள். பிள்ளைக்கு அடிக்கிறதுக்கு அது என்ன கொசுவா? மருந்து விடுவது, மருந்து போடுவது என்று சொன்னால் புரியும். பாஷையைச் சரியாகப் பேசாததால் வருகிற வினை இதெல்லாம். நான் சும்மா பிழை திருத்துகிறேன் என்று நினைக்கிறார்கள்.

எங்களுக்குப் பள்ளியிலே முதலுதவி வகுப்பு உண்டு. சிஸ்டர் பெர்னதெத் நடத்துவார்கள். ஒரு பெண்ணைப் பெஞ்சில் படுக்க வைத்துச் செய்து காட்டுவார்கள். வலிப்பு வந்தால் பல்லுக்கு நடுவில் ஸ்பூன் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கைக் கடித்துத் துண்டாக்கிக்கொள்ளும், அல்லது நாக்கு உள்ளே போய்த் தொண்டையை அடைத்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. அதோ உங்கள் தலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அந்தச் சான்றிதழ்தான். மூக்கு என்று ஒரு வார்த்தை அவர்கள் சொன்னதில்லை.

போய் ஸ்பூன் எடுத்து வா என்று வெள்ளத்தாயிடம் சொன்னேன். அவள் அசையவில்லை. பிள்ளையை மல்லாக்கப் போட்டுக் கையை அமுக்கினேன், அவள் மறுபடி ஒருக்களிக்க வைக்கப் பார்க்கிறாள். "வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதும்மா. மருந்தைத் தாங்கம்மா." என் கையைப் பிடிக்கிறாள். என் கையை. கையை எடு என்றேன். எடுத்தாள். அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது, ஒரு அதட்டலுக்குக் கட்டுப்படுகிற பழக்கம் அவளுக்கு இருந்தது.

அதற்குள் எங்கள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். சவரிமுத்து என்று பெயர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர் கையில் என்ன? சாவிக்கொத்து. வலிப்புக்காரர் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்குமாம். படித்த மனுஷன். இந்தக் காலத்திலும் சாவியா, காட்டுமிராண்டித்தனம் என்று ஒரு சத்தம் போட்டேன். அந்தச் சாவியால் அலமாரியைத் திறந்து என் பரிசு ஸ்பூனில் ஒன்றை எடுத்து வாருங்கள், அதுதான் உருப்படியான காரியம் என்றேன். தயங்கி நின்றார். ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்றார். ஸ்பூன் என்றேன். போய் எடுத்து வந்தார்.

"மூணு தாண்டிட்டும்மா," என்கிறாள் வெள்ளத்தாய்.

பல் கிட்டிப் போயிருந்தது. சாதாரணமாகக் கிட்டவில்லை, கதவைத் தாழ் போட்ட மாதிரி. கன்னத்தை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடிப் பக்கத்தை உள்ளே செலுத்தினேன். வழுக்கியது. மறுபடி செலுத்தினேன். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கடலை உடைகிற மாதிரி. ரத்தம் வந்தது. ரத்தம் வந்தால் நாக்கைக் கடித்திருக்கிறது, நல்ல வேளை நான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாலு தாண்டிட்டும்மா. மருந்தைத் தாங்கம்மா. காலைப் பிடிக்கேன்."

அவள் நிஜமாகவே காலைப் பிடித்தாள். பிள்ளை கிடக்கிற பாயில் நெற்றி படுகிறது, என் கால் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கால் நழுவினால் ஸ்பூன் எங்கே போகும் என்ற புத்தி இல்லை. உதறினேன். வின்னி, வின்னி என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. எப்போதும் இல்லாததுதானே. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. தாகமாக இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வாங்கி, அதே ஸ்பூனை உருவி இரண்டு வாய் விட்டு, மறுபடி பல்லுக்கு நடுவில் வைத்தேன். கடகடவென்று ஒரு சத்தம் நெஞ்சில். உள்ளே இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். ஆண்பிள்ளைகளுக்கு ரத்தம் ஆகாது.

வெள்ளத்தாய் எழுந்து மூலைக்குப் போனாள். அவளிடம் பொத்தான் வைத்த பழைய போன் ஒன்று உண்டு. அதில் மூன்று எண் அமுக்க மட்டும் பிரம்மசக்தி சொல்லிக் கொடுத்திருந்தாளாம். அமுக்கினாள். எந்த இடம் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். இவளுக்குத் தெரு பெயர் தெரியுமா, கதவு எண் தெரியுமா? "கான்வென்ட் அம்மா வீடு," என்கிறாள். "மாதா கோயிலுக்குப் பின்ன. சிவப்புக் கேட்டு. யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ." அந்த நேரத்திலும் எனக்கு ஒரு மாதிரி நிறைவாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"அஞ்சு தாண்டிட்டும்மா." அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. கடிகாரத்திடம்தான் பேசினாள்.

ஆறு தாண்டிய பிறகு வண்டி வந்தது. நீலச் சீருடையில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். வந்தவள் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. குனிந்தாள், ஸ்பூனை உருவித் தூக்கிப் போட்டாள். என் பரிசு ஸ்பூன், தரையில் சுழன்று கட்டிலடியில் போனது. பிள்ளையை மறுபடி ஒருக்களித்துப் போட்டு ஒரு குழாயை வாயில் விட்டு எதையெதையோ உறிஞ்சினாள். வாயில் இதை வைத்தது யார் என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன், சொல்வதற்கு என்ன வெட்கம். நாக்கை விழுங்காமல் காப்பாற்றினேன் என்றேன்.

"நாக்கை யாராலயும் முழுங்க முடியாதும்மா." இவ்வளவுதான் சொன்னாள். அந்த வயதுக்கு எத்தனை திமிர் பாருங்கள். சிஸ்டர் பெர்னதெத் பொய்யா சொன்னார்கள்?

மருந்து எதுவும் கொடுத்தீர்களா என்று கேட்டாள். வெள்ளத்தாய் என் நைட்டிப் பையைக் காட்டினாள். நான் எடுத்துக் காட்டினேன், இதால் இவள் பிள்ளையை மூக்கில் அடிக்கப் பார்த்தாள், நல்ல வேளையாக நான் பிடுங்கி வைத்தேன் என்று விளக்கமாகச் சொன்னேன். முடிக்க விட்டாளா? என் கையிலிருந்து பறித்து, இந்த மூக்கில் ஒன்று, அந்த மூக்கில் ஒன்று. அவ்வளவுதான். இரண்டு மூன்று நிமிஷத்தில் உதறல் குறைந்து நின்றுவிட்டது. எப்படியும் நிற்கிற நேரம்தான். இருபது நிமிஷம் நான் போராடியதில் பாதி அடங்கியிருந்தது, கடைசியில் வந்தவளுக்குப் பெயர்.

என் மனத்தாங்கல் எது தெரியுமா? வண்டியில் ஏற நான் புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, சான்றிதழைக்கூடக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் இங்கிலீஷில் விவரம் சொல்ல ஆள் வேண்டாமா? அந்தச் சீருடைக்காரி என்னைத் தாண்டிக் கையை நீட்டி வெள்ளத்தாயை உள்ளே இழுத்துக்கொண்டாள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று அவளிடம்தான் கேட்டாள். மணி தெரியாதவளிடம். அவள் சொல்கிறாள், பெரிய முள் இரண்டில் என்று. இவளும் அதை எழுதிக்கொள்கிறாள். கதவை என் முகத்துக்கு நேரே சாத்தினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் சான்றிதழோடு நின்றேன்.

பிழைத்ததா என்று கேட்கிறீர்களா? பிழைத்தது. அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன், பிழைத்ததா இல்லையா? நுரையீரலில் ஒரு பல் போய் உட்கார்ந்துகொண்டதாம், குழாய் விட்டு எடுத்தார்களாம். பால் பல். எப்படியும் விழ வேண்டியதுதானே. தண்ணீர் இறங்கிச் சளி கட்டிப் பதினோரு நாள் இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். ரொம்ப நேரம் இழுத்ததில் மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார்களாம். இப்போது வலது கை சரியாக எழும்பவில்லை, பேச்சும் குழறுகிறதாம். பெயரைக் கேட்டால் முதல் எழுத்தோடு நின்றுவிடுகிறதாம். நான் அப்போதே சொன்னேன், அவ்வளவு நீளமான பெயர் எதற்கு என்று. வின்னி என்றால் மூன்றே எழுத்து.

பதினெட்டு நாள் கழித்துப் பிரம்மசக்தி வந்தாள், சாமான் எடுக்க. இளைத்துப் போயிருந்தாள். தலை வாரவில்லை. படியில் நிறுத்தி எப்படி இருக்கிறது பிள்ளை என்று நான்தான் கேட்டேன். ஒரு நன்றி? பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. குற்றவாளியைப் பார்க்கிற பார்வை. நான் விடுவேனா? உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்தேன். சிவப்பு மையோடு அப்படியே பத்திரமாக வைத்திருந்தேன். மூன்றாவது வரியைக் காட்டினேன். பார், இதில் உன் கையெழுத்தில் என்ன எழுதியிருக்கிறது? டோன்ட் புட் நத்திங். ஏதாவது வை என்றுதானே எழுதிக் கொடுத்தாய்? நான் வைத்தேன். அன்றைக்கே சுட்டிக் காட்டினேனா இல்லையா? திருத்தி எழுதிக் கொண்டு வந்திருக்க வேண்டியது யார்?

அவள் தாளை வாங்கினாள். பத்துக்கு மூன்று என்று போட்டிருந்ததில் கட்டை விரலை வைத்துத் தேய்த்தாள், அழிக்கிற மாதிரி. பிறகு சொன்னாள்.

"நான் மொதல்ல தமிழ்லதாங்க்கா எழுதிட்டு வந்தேன்."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் படியேறிப் போனாள். எனக்கு இன்றுவரை புரியவில்லை, அது ஒரு பதிலா? கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத ஜனம். இலக்கணம் தெரியாததன் விளைவுதான் இதெல்லாம்.

வெள்ளத்தாய் இப்போதும் அவர்கள் கூடத்தான் இருக்கிறாளாம், பெருமாள்புரத்தில் வேறு வீட்டில். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாளாம், கையால். ஸ்பூனைக் கண்டால் அது கத்துகிறதாம். யார் சொன்னார்கள் என்றா? எங்கள் வீட்டுக்காரர் சட்டைப் பையில் வைத்திருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன், யாரோ எழுதிக் கொடுத்தது, பிள்ளை எப்படி இருக்கிறது, என்னென்ன வாங்கி வர வேண்டும் என்று. அவர் சனிக்கிழமை தோறும் வெளியே போகிறார். சோப்பு நுரை ஊதுகிற புட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார் போன வாரம். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை. நாலு மாதமாகவே அவருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு, பேசுவது குறைந்துவிட்டது. என்னிடம் மட்டும்தான் பேச்சில்லை, போனில் மற்றவர்களோடு பேசுகிறார். சாப்பாட்டு மேசைக்கும் வருவதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுகிறார். டாக்டரிடம் காட்டச் சொன்னால் கேட்பதில்லை.

நீங்கள் காபியைத் தொடவே இல்லையே. ஆறிப்போயிருக்கும். என்ன, ஸ்பூனையா? ஏன் பிள்ளையிடமிருந்து பிடுங்குகிறீர்கள், பாவம், நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. ஆமாம், அதேதான். கட்டிலடியில் இருந்து நானே குனிந்து எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன், அழுக்கு ஒன்றும் இல்லை. செட்டில் ஒன்று குறைந்தால் எனக்குப் பொறுக்காது. கைப்பிடி முனையில் வெளிச்சத்தில் பாருங்கள், இரண்டு சின்னப் பள்ளம் தெரியும். வெள்ளி முலாம் பூசியதையே இப்படிக் கடித்திருக்கிறது என்றால் நாக்கை என்ன செய்திருக்கும்? அதற்குத்தான் அலமாரியில் வைக்காமல் வெளியே வைத்திருக்கிறேன், வருகிறவர்களிடம் காட்டலாமே என்று.

எழுந்துவிட்டீர்களா? மாடியைப் பார்க்க வேண்டாமா? அழுதால் அழட்டும், பிள்ளை என்றால் அழும். உங்கள் பைக்குள் நீல நிறத்தில் எட்டிப் பார்க்கிறதே, அது என்ன, பம்பா? மூச்சிரைப்பா பிள்ளைக்கு? பயப்படாதீர்கள். கீழே நான் எப்போதும் இருக்கிறேன், என்ன வந்தாலும் முதலில் ஓடி வருவது நானாகத்தான் இருக்கும். ஒன்றே ஒன்று. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிழை இல்லாமல் எழுதுங்கள்.

தமிழில் வேண்டாம்.